வாசகர் வினா – விடை: மதவடியில் ஓர் அமெரிக்க நாவல்

எஸ். ஈ. ஹின்டன் எழுதிய 'தி அவுட்சைடர்ஸ்' என்ற ஆங்கில நாவலைப் பற்றிச் சென்ற இதழில் வெளியான அறிமுகக் குறிப்புக்கு, நான் எதிர்பாராத அளவில் கடிதங்கள் வந்துள்ளன. பாராட்டி எழுதியவர்களுக்கு நன்றி. வாதாட வந்தவர்களின் கடிதங்களையே இம்முறை எடுத்துக்கொள்கிறேன்.

நாவலைப் படிக்காதவர்களுக்காகக் கதையைச் சொல்லிவிடுகிறேன். 14 வயதுப் பொனிபோய், பெற்றோர் வாகன விபத்தில் இறந்தபின் இரண்டு தமையன்மாருடன் வாழ்கிறான். நகரின் வறிய பக்கத்துப் பெடியள் 'கிரீசர்கள்'. வசதியான பக்கத்துப் பெடியள் 'சொஷ்கள்'. ஓர் இரவு பூங்காவில் பொனிபோயின் தலையைத் தண்ணீருக்குள் அமுக்கிய சொஷ் ஒருவனை, பொனிபோயின் நண்பன் ஜொனி கத்தியால் குத்திக் கொன்றுவிடுகிறான். இருவரும் டாலி என்ற மூத்த கூட்டாளியின் உதவியுடன் ஒரு பாழடைந்த தேவாலயத்தில் ஒளிக்கிறார்கள். அது தீப்பற்றும்போது உள்ளே அகப்பட்ட சிறுபிள்ளைகளை மீட்கிறார்கள். அதில் காயமடைந்த ஜொனி இறந்துபோகிறான். 1967 இல் நூல் வெளிவந்தபோது ஆசிரியைக்கு வயது 18. எழுதத் தொடங்கியபோது 15.

கேள்வி: *என் மகன் இந்த நூலை வாங்கித் தரும்படி கேட்டான். முதலில் நான் படித்தேன். புகைக்கிறார்கள், கத்தி வைத்திருக்கிறார்கள், கூட்டமாகச் சேர்ந்து அடிபடுகிறார்கள். பத்திரிகையைத் திறந்தால் வாள்வெட்டுச் செய்தி வரும் ஊரில் பிள்ளையின் கையில் இதைக் கொடுக்கலாமா? — ஒரு தாய், கோண்டாவில்*

பதில்: அம்மா, பிள்ளைக்குக் கொடுக்குமுன் நீங்கள் முழுவதையும் படித்தீர்கள் என்பதே எனக்குப் பெரிய செய்தி. நீங்கள் சொல்பவை எல்லாம் நூலில் இருக்கின்றன. 14 வயதுப் பையன் புகைப்பதை ஆசிரியை கண்டிக்கவும் இல்லை. ஆனால் அந்தக் கத்தியை எடுத்தவனுக்கும் அவனைச் சேர்ந்தவர்களுக்கும் அதன்பின் என்ன நடக்கிறது என்பதைத்தான் மீதிப் புத்தகம் முழுவதும் சொல்கிறது. பெரிய அடிபாட்டில் கிரீசர்கள் வெல்கிறார்கள். அந்த வெற்றிச் செய்தியைச் சொல்ல டாலியும் பொனிபோயும் வைத்தியசாலைக்கு ஓடுகிறார்கள். இறக்கும் தறுவாயில் கிடக்கும் ஜொனிக்கோ அடிபடுவதால் ஒரு பயனும் இல்லை என்பது தெரிந்துவிட்டது. கூட்டத்தில் மிகவும் முரடனான டாலி அன்றிரவே, குண்டில்லாத துப்பாக்கியைப் பொலிசாருக்கு நேரே நீட்டித் தன் சாவைத் தானே தேடிக்கொள்கிறான். வாளை ஓங்கும் காட்சியைப் பாட்டுடன் வெட்டி ஒட்டிக் கைத்தொலைபேசிகளில் உலவவிடும் காணொளிகள், அந்த வாள் இறங்கிய பின்னர் வைத்தியசாலை விறாந்தையில் யார் காத்திருந்தார்கள் என்பதைக் காட்டுவதில்லை. பயப்பட வேண்டியது அவற்றுக்கு.

இன்னொன்று. நீங்களும் இந்த நாவலில் இருக்கிறீர்கள் என்று தோன்றுகிறது. மூத்த அண்ணன் டாரிக்கு 20 வயது. படிப்பை விட்டுவிட்டுக் கூலிவேலைக்குப் போய்த் தம்பிமாரை வளர்ப்பவன். கண்டிப்பைத் தவிர வேறு எந்த மொழியிலும் அன்பைச் சொல்லத் தெரியாதவன். அவன் ஒருநாள் தம்பியை அறைந்ததுதான் அந்த இரவு பொனிபோய் வீட்டைவிட்டு ஓடவும் பூங்காவில் அகப்படவும் காரணமாகிறது. மகன் படித்து முடித்ததும், கத்தியைப் பற்றிக் கேட்காமல் டாரியைப் பற்றி என்ன நினைக்கிறான் என்று கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: *நட்பாராய்தல் என்று தனி அதிகாரமே வகுத்தவர் வள்ளுவர். ஆராயாமல் கண்டபடி சேர்ந்து கெட்டழியும் பெடியளின் கதையை நட்புக்கு எடுத்துக்காட்டாக நீங்கள் எழுதியது சரியா? — ஓய்வுபெற்ற ஆசிரியர், உரும்பிராய்*

பதில்: ஐயா, வள்ளுவர் அந்த ஓர் அதிகாரத்தோடு நிறுத்தவில்லை. நட்பு, நட்பாராய்தல், பழைமை, தீ நட்பு, கூடா நட்பு என்று 79 ஆம் அதிகாரத்திலிருந்து 83 ஆம் அதிகாரம் வரை ஐந்தை அடுத்தடுத்து வைத்திருக்கிறார். நாம் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது இரண்டாவதையும் கடைசி இரண்டையும் எடுத்துக்கொண்டு, நடுவில் இருக்கும் பழைமையைத் தாண்டிப் போய்விடுகிறோம். நீண்டநாள் பழகியவன் உரிமையோடு செய்வதைப் பொறுத்துக்கொள்வதைப் பற்றியது அது. பொனிபோயும் ஜொனியும் ஒருவரையொருவர் ஆராய்ந்து தெரிந்தவர்கள் அல்லர். ஒரே ஒழுங்கையில் வளர்ந்தவர்கள். ஆராய்ந்து நட்புக்கொள்வதற்குத் தெரிவு செய்யும் வசதி வேண்டும். குடிகாரத் தகப்பனின் அடிக்குப் பயந்து இரவில் வெறுங்காணியில் படுக்கும் ஜொனிக்கு அந்த வசதி எங்கே இருந்தது? அவனுக்கு, ஒழுங்கைச் சிறுபாலத்தில் குந்தியிருக்கும் அந்த மதவடிக் கூட்டம்தான் வீடு.

'சேர்க்கை சரியில்லை' என்ற தீர்ப்பை நம் வீடுகளில் எவ்வளவு இலகுவாகக் கொடுத்துவிடுகிறோம் என்பதையும் யோசிக்க வேண்டும். வள்ளுவர் குணத்தையும் குடிப்பிறப்பையும் குற்றத்தையும் சேர்த்தே ஆராயச் சொன்னார். நாம் முதலில் பார்ப்பது மற்றப் பிள்ளை பரீட்சையில் எடுத்த புள்ளி; அடுத்தது ஊர்; மூன்றாவதை வாய்விட்டுச் சொல்வதில்லை, ஆனால் அந்தப் பிள்ளைக்குத் தேநீர் எந்தக் கோப்பையில் கொடுக்கப்பட்டது என்பதை 15 வயதுப் பிள்ளை கவனிக்காமல் விடுவதில்லை. இந்த நாவலைப் படித்த எங்கள் பிள்ளைகளில் சிலருக்குச் சொஷ் யார், கிரீசர் யார் என்று விளங்கப்படுத்த வேண்டிய தேவை இருக்கவில்லை.

(கிரீசர் என்ற பெயர் தலைமயிருக்குப் பூசும் எண்ணெய்ப் பசையால் வந்தது. தலைக்கு எண்ணெய் வைத்து அழுத்தி வாரிவிட்டால்தான் ஒழுக்கமான பிள்ளை என்று நம்பிய எங்கள் ஆச்சிமாருக்கு இதைச் சொன்னால் சிரிப்பார்கள்.)

கேள்வி: *ஜொனி கடைசியாகச் சொல்லும் 'ஸ்டே கோல்ட், பொனிபோய்' என்ற வார்த்தையைத் தமிழில் எப்படிச் சொல்வது? 'தங்கமாய் இரு' என்று எழுதினேன். நண்பன் சிரிக்கிறான். — உயர்தர மாணவன், சுன்னாகம்*

பதில்: தம்பி, இந்த இதழுக்கு வந்தவற்றுள் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இதுதான், ஒரு வாரமாக இதனோடு மல்லுக்கட்டுகிறேன். உங்கள் நண்பன் சிரித்ததில் நியாயம் உண்டு. தமிழில் 'தங்கமான பிள்ளை' என்றால் சொற்கேளாமை அறியாத பிள்ளை. 'தங்கமாய் இரு' என்று ஜொனி சொன்னால், சாகும் நேரத்தில் அவன் ஒரு பாடசாலை அதிபராக மாறிவிடுகிறான்.

அந்தப் பொன் எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும். தேவாலயத்தில் ஒளித்திருந்த ஒரு விடியற்காலையில், வானம் பொன்னாகி மறைவதைப் பார்த்துக்கொண்டிருக்கையில், பொனிபோய் அமெரிக்கக் கவிஞர் றொபேட் புரொஸ்டின் கவிதை ஒன்றைச் சொல்கிறான். 1923 இல் வெளிவந்த எட்டு வரிக் கவிதை அது. முளைவிடும் இலை பச்சையாகுமுன் கணநேரம் பொன்னாகத் தெரிவதையும், அந்த நிறம் நில்லாமல் போவதையும் சொல்வது. ஆகவே இங்கே பொன் என்பது மதிப்பையோ ஒழுக்கத்தையோ குறிக்கவில்லை. முதன்முதலாக எல்லாவற்றையும் பார்க்கும் கண்ணைக் குறிக்கிறது. ஜொனி விட்டுச்சென்ற கடிதமும் பின்னர் அதைத்தான் விளக்குகிறது. சூரியன் மறைவதை நின்று பார்க்கும் பழக்கத்தை விட்டுவிடாதே என்பதே அதன் பொருள்.

எங்கள் ஊரில் இன்னொரு சிக்கலும் உண்டு. வேம்பும் மாவும் இங்கே பொன்னிறமாகத் துளிர்ப்பதில்லை, செம்பு நிறமாகத் துளிர்க்கின்றன. புரொஸ்ட் நல்லூரில் பிறந்திருந்தால் ஜொனி 'செம்பாய் இரு' என்றல்லவா சொல்லியிருப்பான்! உலோகத்தை விட்டுவிட்டு இலையைப் பிடிப்பதே வழி என்று எனக்குப் படுகிறது. 'முற்றிப் போகாதே, பொனிபோய்' என்று எழுதிப் பார்த்தேன். தளிர் முற்றுவது உண்டு, மனிதர் மனம் முற்றுவதும் உண்டு. தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல். படித்த என் வீட்டார், முற்றிய வெண்டிக்காய் ஞாபகம் வருவதாகச் சொன்னார்கள். அந்த ஆபத்தை ஏற்றுக்கொள்ளலாம். உங்கள் நண்பனிடமும் கேட்டுச் சொல்லுங்கள்.

கேள்வி: *இரண்டு பெடியள் விடியற்காலையில் கவிதை பேசுவதை நம்ப முடியவில்லை. எழுதியவர் பெண் என்பதால்தான் இப்படியா? — பல்கலைக்கழக மாணவர், திருநெல்வேலி*

பதில்: இந்தச் சந்தேகம் வரும் என்று பதிப்பகத்தாருக்கும் தெரிந்திருந்தது. ஒரு பெண்பிள்ளை எழுதிய அடிபாட்டுக் கதை என்றால் மதிப்புரையாளர்கள் படிக்குமுன்பே தள்ளிவிடுவார்கள் என்று எண்ணித்தான் சூசன் எலோயிஸ் என்ற பெயரை இரண்டு எழுத்தாகச் சுருக்கினார்கள். கவிதை பேசும் இடம் சற்று மெருகேறியது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஆண்பிள்ளைகளுக்கிடையிலான மென்மையை நம்ப முடியாது என்று சொல்ல, தோளில் கைபோட்டுக்கொண்டு இரண்டு பெடியள் வீதியில் நடந்துபோவதை ஒருவரும் திரும்பிப் பார்க்காத இந்த ஊரிலிருந்து நீங்கள் எழுதுவதுதான் வியப்பு.

கேள்வி: *பெண்பிள்ளைகளின் சிநேகிதம் எங்கே? செரி என்ற ஒருத்தியும் அவளுடைய தோழியும் வந்து போகிறார்கள், அவ்வளவுதான். — மாணவி, சாவகச்சேரி*

பதில்: உண்மை, குறைதான். ஆனால் சொஷ் பக்கத்துப் பெண்ணான செரி பேசும் ஓர் இடத்தை மறுபடி படியுங்கள். திரையரங்கில் பொனிபோயுடன் மனம்விட்டுப் பேசிய அதே இரவில், பாடசாலையில் கண்டு கதைக்காமல் போனால் தவறாக எடுத்துக்கொள்ளாதே என்று அவள் அவனிடம் முன்கூட்டியே சொல்லிவிடுகிறாள். அவள் கெட்டவளும் அல்லள், பொய் சொல்பவளும் அல்லள். ரியூட்டரியில் ஒரே வாங்கில் இருந்து குறிப்பு மாற்றிக்கொண்ட இரண்டு பிள்ளைகள், கோயில் வீதியில் பெற்றோருடன் எதிர்ப்படும்போது அறியாதவர்கள்போலக் கடந்து போவதை நீங்களும் கண்டிருப்பீர்கள். நாவலின் மிகக் கூர்மையான இடம் அது என்பேன். அடிபாடுகளையெல்லாம் விட அதுதான் என்னைக் குத்தியது.

பெடியளுக்கு மதவடி உண்டு, சந்தி உண்டு, மைதானம் உண்டு. உங்கள் சிநேகிதம் பாடசாலைக்கும் ரியூட்டரிக்கும் இடையில் சைக்கிளை மெதுவாக உழக்கும் அந்தக் கால்மணி நேரத்துக்குள் நடக்கிறது. அதை எழுதுவதற்கு உங்களை விடத் தகுதியானவர் இல்லை. ஹின்டனும் தம்மையொத்த வயதினரைப் பற்றிப் படிக்க உண்மையான கதை எதுவும் இல்லை என்ற எரிச்சலில்தான் எழுதத் தொடங்கினார்.

கேள்வி: *படமாக வந்திருக்கிறதா? — வாசகர், பருத்தித்துறை*

பதில்: 1983 இல், பிரான்சிஸ் ஃபோர்ட் கொப்போலாவின் இயக்கத்தில் வந்தது. கலிபோர்னியாவில் ஒரு பாடசாலையின் நூலகரும் மாணவர்களும் கையெழுத்திட்டு அனுப்பிய கடிதமே அவரை இந்நூலின் பக்கம் திருப்பியது. முதலில் நூலைப் படியுங்கள்.

கேள்வி: *1995 ஒக்டோபர் 30 இல் யுத்த இடப்பெயர்வில் வலிகாமத்தை விட்டு வெளிக்கிட்டபோது எனக்கு 15 வயது. நாவற்குழிப் பாலத்தில் என் நண்பன் எனது சைக்கிள் கரியரைப் பிடித்தபடி வந்தான். அதில் அவனுடைய அம்மாவின் தையல் மெசினைக் கட்டியிருந்தோம். இன்று அவன் பிரான்சில் இருக்கிறான். வட்ஸ்அப்பில் எடுப்பான். காணி விலை கேட்பான், குளிர் என்பான், பிறகு இருவருக்கும் பேச ஒன்றும் இருக்காது. இந்த வயதுச் சிநேகிதம் அந்த வயதுக்கு மட்டுந்தானா? — வாசகர், கொடிகாமம்*

பதில்: இந்தக் கேள்விக்கு இந்த நாவலில் பதில் இல்லை. ஜொனி இறந்துவிடுவதால் பொனிபோய் மனத்தில் அவன் என்றைக்கும் 16 வயதுப் பையன்தான்; காணி விலை கேட்கும் வயதுக்கு அவன் வரவே இல்லை. அதை எழுதிய பிள்ளைக்கும் நாற்பதைத் தாண்டிய சிநேகிதம் எப்படி இருக்கும் என்று தெரிந்திருக்க முடியாது. 1971 இல் வெளிவந்த அடுத்த நாவலில் ஹின்டன் ஒரு நட்பு முறிவதையே எழுதினார். சகோதரர்போல் வளர்ந்த இருவரில் ஒருவன் மற்றவனைப் பொலிசாரிடம் காட்டிக்கொடுக்கிறான். உங்களுடையது சாவும் அல்ல, முறிவும் அல்ல. நண்பன் இருக்கிறான், அழைக்கிறான், பேச்சுத்தான் தீர்ந்துபோகிறது. அதைச் சொல்லும் கதையை நான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

பொனிபோய் கடைசிப் பக்கத்தில் ஆங்கிலப் பாடத்துக்குக் கட்டுரை எழுத உட்காருகிறான். அவன் எழுதும் முதல் வரி, நாம் நாவலைத் திறந்தபோது படித்த அதே முதல் வரி. உங்கள் கடிதத்தின் மூன்றாவது வரியைப் படித்தபோது எனக்கு அது ஞாபகம் வந்தது. அடுத்தமுறை அவன் அழைக்கும்போது குளிரைப் பற்றிப் பேச்சு வருமுன் அதைக் கேளுங்கள், எங்களுக்கும் எழுதுங்கள். அந்தத் தையல் மெசின் பாலத்தைக் கடந்து கொடிகாமம் வந்து சேர்ந்ததா, இல்லையா என்பதை உங்கள் கடிதம் சொல்லவில்லை.