மாத்திரையைக் குறைக்கும் நாட்களில் உணவு

அன்புள்ள ஐயா,

மனப்பதற்றத்துக்காக நான்கு ஆண்டுகளாக எஸ்சிட்டலோபிராம் 10 மில்லிகிராம் சாப்பிட்டு வந்தேன். இப்போது நன்றாக இருப்பதால், மருத்துவரின் யோசனைப்படி மூன்று வாரங்களுக்கு முன் அதை 5 மில்லிகிராமாகக் குறைத்தேன். நான்காம் நாளிலிருந்து தலைசுற்றல், காலையில் குமட்டல், இரவில் விசித்திரமான கனவுகள். தலையைச் சட்டென்று திருப்பினால் உள்ளே ஷாக் அடிப்பதுபோல ஒரு வெட்டு வெட்டுகிறது. மருத்துவர், இது போகப்போகச் சரியாகிவிடும், அடுத்த மாதம் மாத்திரையை முழுதாக நிறுத்திவிடலாம் என்கிறார்.

வீட்டில் ஆளுக்கொரு யோசனை. வாழைப்பழத்தில் செரோட்டோனின் இருக்கிறது, தினமும் நான்கு சாப்பிடு என்கிறார் நாத்தனார். தூக்கத்துக்காக மாமியார் ஜாதிக்காயை உரைத்துப் பாலில் கலந்து தருகிறார். அஸ்வகந்தா சாப்பிடச் சொல்லி வாட்ஸ்அப்பில் செய்தி வருகிறது. உடன் வேலை செய்யும் ஆசிரியை சொன்னதற்காகக் காபியை அடியோடு விட்டு மூன்று நாளாகிறது. தலைவலி தாங்க முடியவில்லை. வெள்ளிக்கிழமை விரதத்தைத் தொடரலாமா என்றும் தெரியவில்லை. நீங்களும் இதே வகை மருந்தை எடுத்து நிறுத்தியதைப் பற்றி முன்பு எழுதியிருக்கிறீர்கள். எந்த உணவு இந்தத் தொந்தரவுகளைக் குறைக்கும்?

க.

அன்புள்ள க.,

நான் மருத்துவன் அல்லன். இந்த மருந்தோடு சில காலம் வாழ்ந்து, அதைப் பற்றி வாசித்துத் தெரிந்துகொண்ட ஒரு நோயாளியின் இடத்திலிருந்து மட்டுமே எழுதுகிறேன். உங்கள் தொந்தரவுகளுள் குமட்டலையும் வயிற்றுக் கோளாறையும் உணவால் நன்றாகவே தணிக்கலாம். தலைசுற்றலையும் தூக்கக் குறைவையும் ஓரளவு தணிக்கலாம். தலைக்குள் அடிக்கும் அந்த ஷாக்கைப் போக்கும் உணவு எதுவும் இல்லை. அதை நீக்குவது காலமும், மாத்திரையைக் குறைக்கும் வேகமும்தான். உங்கள் தலைவலியோ பெரும்பாலும் மாத்திரையால் வந்ததே இல்லை என்று நினைக்கிறேன். அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

நரம்பணுக்களுக்கிடையே செய்தி கடத்தும் ரசாயனமான செரோட்டோனின் வாழைப்பழத்தில் இருப்பது உண்மை. ஆனால் உண்ணும் செரோட்டோனின், ரத்தத்துக்கும் மூளைக்கும் இடையே இருக்கும் தடுப்பைக் கடந்து மூளைக்குள் போவதில்லை. மூளை தனக்கு வேண்டிய செரோட்டோனினை டிரிப்டோஃபான் என்ற அமினோ அமிலத்திலிருந்து தானே தயாரித்துக்கொள்கிறது. அந்த டிரிப்டோஃபான் பால், முட்டை, பருப்பு, மீன் என்று நாம் அன்றாடம் உண்ணும் எல்லாவற்றிலும் இருக்கிறது என்றாலும், மற்ற அமினோ அமிலங்களோடு போட்டியிட்டே அது மூளைக்குள் நுழைய வேண்டியிருப்பதால், ஒரு பழத்தையோ ஒரு முட்டையையோ கூடுதலாகச் சாப்பிட்டு அதன் அளவைக் குறிப்பிடத்தக்க வகையில் உயர்த்திவிட முடியாது. மேலும் உங்கள் சிக்கல் செரோட்டோனின் பற்றாக்குறையும் அன்று. வெளிவந்த செரோட்டோனினை நரம்பணுக்கள் திரும்ப இழுத்துக்கொள்வதை இந்த மருந்து தடுக்கிறது. நான்கு ஆண்டுகளாக அந்தத் தடைக்கு ஏற்பத் தன்னை ஒழுங்கு செய்துகொண்ட மூளை, தடை தளரும்போது மறுபடியும் தன்னை ஒழுங்கு செய்துகொள்ள அவகாசம் கேட்கிறது. பழம் சாப்பிடுங்கள், நல்லதுதான். நான்கு வேண்டாம், ஒன்று போதும்.

உடலிலுள்ள செரோட்டோனினில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு குடலில் இருக்கிறது. இந்த மருந்தைத் தொடங்கும்போதும் குறைக்கும்போதும் பலருக்கு முதலில் வயிறு புரட்டுவதற்கு அதுவும் ஒரு காரணம். ஆகவே உணவைக் கொண்டு நாம் செய்யக்கூடிய வேலை மூளையை நிரப்புவதில் இல்லை, குடலைத் தொந்தரவு செய்யாமல் வைத்திருப்பதில் இருக்கிறது. நம் வீடுகளில் காய்ச்சல்காரர்களுக்குக் கொடுக்கும் உணவெல்லாம் இதற்குப் பொருந்தும். இட்லி, இடியாப்பம், குழைந்த சோற்றில் மிளகு ரசம், அரிசிக் கஞ்சி, நீர்மோர் ஆகியவை போதும். எண்ணெய் மிகுந்தவை வயிற்றிலிருந்து மெதுவாக இறங்குவதால் குமட்டலை நீட்டிக்கும், காரமும் அதைக் கூட்டும். காலையில் எழுந்ததும் வெறும் வயிற்றில் குமட்டல் கூடுமென்றால், படுக்கையிலிருந்து இறங்குவதற்கு முன்பே இரண்டு ரஸ்க்கையோ ஒரு பிடிப் பொரியையோ மென்றுவிட்டுச் சற்று நேரம் கழித்து எழுங்கள். கருவுற்ற பெண்களுக்கு நம் பாட்டிகள் சொல்லும் இந்த உபாயம் இங்கும் உதவுகிறது. மூன்று வேளை வயிறு முட்ட உண்பதைக் காட்டிலும் அதே உணவை ஐந்து வேளையாகப் பிரித்து உண்பது நல்லது. பள்ளியில் பாடவேளைகளுக்கு நடுவே அது கடினம் என்பதால், கைப்பையில் ஒரு சிறு டப்பாவில் வறுகடலையோ கடலை மிட்டாயோ வைத்துக்கொள்ளுங்கள். பசியாலும் தலை சுற்றும். அந்தச் சுற்றலையும் மாத்திரை தரும் சுற்றலையும் பிரித்தறிவது எளிதன்று.

குமட்டலுக்கு இஞ்சி உதவும் என்பதற்குக் கர்ப்பகாலக் குமட்டலில் நடந்த ஆய்வுகள் ஆதரவு தருகின்றன. மருந்தைக் குறைக்கும்போது வரும் குமட்டலுக்கும் அது பயன்படும் என்று எதிர்பார்ப்பதில் தவறில்லை. இஞ்சித் துவையலாகவோ, கருப்பட்டி போட்ட சுக்குமல்லிக் காபியாகவோ எடுத்துக்கொள்ளலாம். ரத்தம் உறையாமலிருக்க வேறு மருந்து சாப்பிடுபவராக இருந்தால் மட்டும் சமையல் அளவைத் தாண்ட வேண்டாம். வயிற்றுப்போக்கும் சேர்ந்துகொண்டால், ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய நீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் தலைதட்டி அளந்து கலந்து வைத்துக்கொண்டு அவ்வப்போது குடியுங்கள். உடலில் நீர் குறைந்தால், உட்கார்ந்திருந்து எழும்போது வரும் கிறுகிறுப்பு இரண்டு மடங்காகத் தெரியும்.

மாத்திரையை உணவோடும் சாப்பிடலாம், உணவின்றியும் சாப்பிடலாம். உடலில் அது சேரும் அளவு மாறுவதில்லை. குமட்டல் உள்ளவர்கள் உணவுக்குப் பின் சாப்பிடுவது வயிற்றுக்கு இதம். எந்த வேளையைத் தேர்ந்தெடுத்தாலும் தினமும் அதே வேளையில் சாப்பிடுங்கள். இனி யாராவது ஒருநாள் விட்டு ஒருநாள் சாப்பிட்டு நிறுத்தலாம் என்று உங்களுக்குச் சொல்லக்கூடும். இந்த மருந்தில் பாதி உடலை விட்டு நீங்க ஏறத்தாழ 30 மணி நேரம் ஆகும் என்பதால், ஒருநாள் விட்டால் ரத்தத்தில் அதன் அளவு இறங்கி ஏறி ஊசலாடும். அந்த ஊசலாட்டத்தை எந்தக் கஞ்சியாலும் சமன் செய்ய முடியாது.

இனி காபி. அந்த ஆசிரியை நல்லெண்ணத்தில்தான் சொல்லியிருப்பார். பதற்றமும் தூக்கமின்மையும் உள்ள நாட்களில் காபியைக் குறைப்பது சரியான யோசனை. அடியோடு விட்டதுதான் சிக்கல். நாள்தோறும் காபி குடிப்பவர் திடீரென்று நிறுத்தினால், 12 முதல் 24 மணி நேரத்துக்குள் தலைவலி, சோர்வு, எரிச்சல், கவனக்குறைவு எல்லாம் தொடங்கி, இரண்டாம் நாளையொட்டி உச்சத்துக்குப் போய், ஒன்பது நாட்கள் வரைகூட நீடிக்கலாம். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013இல் வெளியிட்ட நோய் வகைப்பாட்டில் காபி நிறுத்தத்தால் வரும் இந்தத் தொல்லைக்குத் தனி இடமே இருக்கிறது. இப்போது நீங்கள் ஒரே நேரத்தில் இரண்டு பொருட்களிலிருந்து விலகிக்கொண்டிருக்கிறீர்கள், எது எதனால் வருகிறது என்பது உங்களுக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது. காலைக் காபியை மறுபடியும் குடியுங்கள். காபியின் வீரியத்தில் பாதி கழியவே ஏறத்தாழ ஐந்து மணி நேரம் பிடிக்கும். மாலை ஐந்து மணிக்குக் குடித்ததில் பாதி, இரவு பத்து மணிக்கும் உடலில் மிச்சமிருக்கும். எனவே மாலைக் காபியை மட்டும், டிகாக்ஷனைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துப் பாலைக் கூட்டி, ஒன்றிரண்டு வாரத்தில் விட்டுவிடுங்கள். அந்த இடத்தில் சுக்குமல்லி வரட்டும்.

பொதுவாகவே, மாத்திரையைக் குறைக்கும் காலத்தில் உணவில் புதிய பரிசோதனை எதையும் தொடங்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. மாவுச்சத்தை விலக்கும் டயட், திடீர் சைவம், பச்சைக் காய்கறிச் சாறு ஆகிய எல்லாவற்றையும் இன்னும் சில மாதங்களுக்குத் தள்ளிப்போடுங்கள். இந்த வகை மருந்தைக் குறைப்பவர்களுக்கு ஊர் தரும் யோசனைகள் பெரும்பாலும் எதையாவது கூட்டச் சொல்பவை. எனக்குத் தெரிந்தவரை, எதையும் கூட்டாமல் வழக்கமான சோற்றை வழக்கமான நேரத்தில் உண்டவர்களே இந்தக் காலத்தை ஓரளவு நிம்மதியாகக் கடந்திருக்கிறார்கள்.

ஜாதிக்காயைப் பற்றி உங்கள் மாமியாரிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். குழந்தைக்கு ஓர் உரை உரைத்துக் கொடுப்பது பழைய வழக்கம், அதனால் அவர் அஞ்சமாட்டார். ஆனால் கரண்டிக் கணக்கில் உள்ளே போனால் ஜாதிக்காய் நஞ்சு. படபடப்பு, வாய் உலர்தல், இல்லாதவை கண்ணுக்குத் தெரிதல் வரை அது கொண்டுபோகும். ஏற்கெனவே கனவுகளால் அலைக்கழியும் ஒருவருக்கு இரவுதோறும் அது தேவையில்லை. வெதுவெதுப்பான வெறும் பால் போதும். அஸ்வகந்தா தூக்கத்தைக் கூட்டக்கூடியது, தைராய்டு அளவை மாற்றக்கூடியது. சிலருக்குக் கல்லீரலைப் பாதித்ததாகவும் மருத்துவ இதழ்களில் பதிவுகள் உண்டு. எல்லாவற்றையும்விட அபாயமானவை, மனச்சோர்வுக்கு இயற்கை மருந்து என்று இணையத்தில் விற்கப்படும் செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்ற மூலிகையும், 5-எச்.டி.பி. என்ற மாத்திரையும். எஸ்சிட்டலோபிராம் உடலில் இருக்கும்போதே இவற்றைச் சேர்த்தால் செரோட்டோனின் அளவுக்கு மீறிப் பெருகி, நடுக்கம், கடும் வியர்வை, காய்ச்சல், தசை விறைப்பு என்று உயிருக்கே ஆபத்தான நிலைக்குக் கொண்டுபோகலாம்.

ரத்தப் பரிசோதனை செய்துகொண்டீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. 2019–21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி 15 முதல் 49 வயது வரையுள்ள தமிழகப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு ரத்தசோகை இருக்கிறது. ரத்தசோகைக்கும் தலைசுற்றலும் அசதியும்தான் அடையாளம். சைவ உணவினர் என்றால் வைட்டமின் பி12 குறைவையும் பார்க்க வேண்டும். ஹீமோகுளோபின், பி12, தைராய்டு, சோடியம் ஆகிய நான்கையும் ஒருமுறை பார்க்கச் சொல்லி மருத்துவரிடம் கேளுங்கள். சோடியத்தைச் சேர்த்ததற்குக் காரணம், இந்த வகை மருந்துகள் சிலருக்கு அதைக் குறைப்பதுண்டு. இரும்புச்சத்துக் குறைவாக இருந்தால், சாப்பாட்டோடு காபியோ தேநீரோ குடிக்காமல் ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள்.

அடுத்த மாதம் முழுதாக நிறுத்துவது என்பதுதான் உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்படுத்திய வரி. மார்க் ஹோரோவிட்ஸ், டேவிட் டெய்லர் என்ற இரு ஆய்வாளர்கள் 2019இல் லான்செட் சைக்கியாட்ரி இதழில் எழுதிய கட்டுரை, மூளை ஸ்கேன் ஆய்வுகளை வைத்து ஒன்றைத் தெளிவாக்கியது. எஸ்சிட்டலோபிராமின் நெருங்கிய உறவான சிட்டலோபிராம் 20 மில்லிகிராமில், செரோட்டோனினைத் திரும்ப இழுக்கும் வாயில்களில் சுமார் 80 சதவீதம் அடைபடுகிறது. 10 மில்லிகிராமாகப் பாதியாக்கினாலும் சுமார் 70 சதவீதம் அடைபட்டே இருக்கிறது. உங்கள் மாத்திரையில் இதற்கு நிகர் 10, 5 மில்லிகிராம் என்று தோராயமாகக் கொள்ளலாம். அதாவது நீங்கள் இதுவரை இறங்கியது சுமார் 10 சதவீதம்தான். ஐந்திலிருந்து ஒரேயடியாகப் பூச்சியத்துக்குப் போனால் மீதி 70 சதவீதத்தையும் ஒரே எட்டில் இறங்க வேண்டும். மேலே தாழ்வான படிகளும் கடைசியில் ஒரு கிணற்றடிப் பள்ளமும் கொண்ட படிக்கட்டு இது. ஆகவே தற்போதைய தொந்தரவுகள் அடங்கும்வரை ஐந்திலேயே நின்று, பிறகு இரண்டரை, அதற்கும் கீழே என்று இறங்க முடியுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். பிரிட்டனில் இது சொட்டு மருந்தாகவும் கிடைப்பதால் சிறு அளவுகளை அளப்பது அங்கே எளிது. இங்கே மாத்திரையை வெட்டுவதைப் பற்றி அவரே வழி சொல்வார்.

மாத்திரை அட்டையையும் ஒருமுறை திருப்பிப் பாருங்கள். நம் நாட்டில் எஸ்சிட்டலோபிராமும், பதற்றத்தைத் தணித்துத் தூக்கம் தரும் குளோனாசெபாம் என்ற வேறொரு மருந்தும் ஒரே மாத்திரையில் சேர்ந்து வருவது மிகச் சாதாரணம். உங்களுடையது அப்படிப்பட்டதாக இருந்து, அதை வெட்டிப் பாதியாக்கியிருந்தால், நீங்கள் இரண்டையும் பாதியாக்கியிருக்கிறீர்கள். குளோனாசெபாமைத் திடீரென்று நிறுத்தினால் வலிப்புகூட வரலாம். அதை மருத்துவர் துணையின்றி, அவர் வகுத்த தனிக் கணக்கின்றித் தொடவே கூடாது. தொந்தரவு தாங்க முடியாமல் போனாலோ, வாழ்வதில் பொருளில்லை என்பதுபோன்ற எண்ணம் எட்டிப்பார்த்தாலோ அடுத்த சந்திப்புவரை காத்திருக்காமல் மருத்துவரை அழையுங்கள். நடு இரவானால் அரசின் மனநல உதவித் தொலைபேசிச் சேவையான டெலிமானஸின் எண் 14416 இருக்கிறது, தமிழிலேயே பேசலாம்.

வெள்ளிக்கிழமை விரதத்தைப் பொறுத்தவரை, நீர்கூட அருந்தாத முழுப் பட்டினி இப்போது வேண்டாம். ஒருவேளை உணவு மட்டும் என்ற விரதமும் உங்கள் குமட்டலைக் கூட்டும். பாலும் பழமும் அவலும் அனுமதிக்கும் விரதம் உங்கள் வீட்டு வழக்கத்துக்கு ஒத்துவந்தால், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அவற்றைச் சிறிது சிறிதாக எடுத்துக்கொண்டு இருக்கலாம். அன்றைக்கும் மாத்திரையை வழக்கமான வேளையில், ஒரு தம்ளர் பாலுக்குப் பிறகு சாப்பிட்டுவிடுங்கள்.

அன்புடன்.