காட்டு விளைபொருளின் வருமானம் யாரிடம் தங்குகிறது?

கேள்வி: மரத்தை வெட்டாமல் தேன், கோந்து, பிரம்பு, கொட்டை வகைகள் போன்றவற்றைச் சேகரித்தே ஒரு வட்டாரத்தின் பொருளாதாரத்தை உயர்த்திவிடலாம் என்கிறார்கள். இவற்றை உலகச் சந்தைக்கு அனுப்பும் பகுதிகள் பலவும் இன்னும் ஏழ்மையில் இருப்பது ஏன்?

பதில்: அந்த நம்பிக்கைக்குப் பெரிதும் வலுவூட்டியது, 1989-இல் 'நேச்சர்' இதழில் வெளிவந்த ஓர் ஆய்வு. பெரு நாட்டின் இக்கிட்டோஸ் அருகே ஒரு ஹெக்டேர் காட்டின் பழங்களையும் மரப்பாலையும் ஆண்டுதோறும் எடுத்து விற்பது, மரங்களை வெட்டி விற்பதைவிட நீண்ட காலத்தில் அதிக மதிப்புடையது என்று அது கணக்கிட்டது. ஆனால், ஒரு ஹெக்டேரின் பழங்களுக்குக் கிடைக்கும் விலை, காடு முழுவதன் பழங்களும் சந்தைக்கு வந்தால் கிடைக்காது.

சேகரிப்பதோடு வேலை நின்றுவிடுவதே முதன்மையான காரணம் என்று கருதுகிறேன். ஆப்பிரிக்காவில் செனகலிலிருந்து உகாண்டா வரை நீளும் வறண்ட நிலப்பகுதியில், கொழுப்பு எடுக்க உதவும் ஷியா மரத்தின் கொட்டைகளைப் பொறுக்குபவர்கள் பெரும்பாலும் பெண்கள். சதையை நீக்கி, கொட்டையை வேகவைத்து, வெயிலில் உலர்த்தி, ஓட்டை உடைத்துப் பருப்பை எடுக்க வேண்டும்; ஈரம் போகாமல் மூட்டை கட்டினால் பூஞ்சை பிடித்து, கொழுப்பின் தரம் இறங்கிவிடும். உலர்த்தும் களமும் கிடங்கும் கையில் முன்பணமும் இருந்தால் அவர்கள் நல்ல விலை வரும்வரை காத்திருக்கலாம். இல்லாதபோது, அறுவடைக் காலத்திலேயே இடைத்தரகர் சொல்லும் விலைக்குக் கொடுத்துவிட நேர்கிறது. பருப்பின் பெரும்பகுதி சாக்லேட் தொழிலுக்கான கொழுப்பாக மாறுவதால், மிகுதியான மதிப்பு ஆலையில்தான் சேர்கிறது.

அதற்காகக் கச்சாப் பொருள் ஏற்றுமதியைத் தடைசெய்வது போதாது. 2012 தொடக்கத்தில் இந்தோனேசியா கச்சாப் பிரம்பு ஏற்றுமதியை நிறுத்தியது. அறைகலன் தொழில் ஜாவாவிலும், பிரம்பு விளையும் காடுகள் கலிமந்தான், சுலவேசி தீவுகளிலும் இருந்ததால், வாங்குவோர் குறைந்து சேகரிப்பவர்களே நட்டப்பட்டார்கள். உலர்த்துதல், தரம் பிரித்தல், முதற்கட்டப் பதப்படுத்தல் ஆகியவை காட்டோரத்திலேயே நடக்க வேண்டும். அந்தக் காட்டில் சேகரிக்கும் உரிமையும் சட்டப்படி அங்குள்ள மக்களிடமே இருக்க வேண்டும். உரிமை உறுதியில்லாத இடத்தில், தான் விட்டுவைத்ததை நாளை வேறொருவர் எடுத்துவிடுவார் என்று அஞ்சி எல்லோரும் முந்திக்கொண்டு பறிப்பார்கள்.

கேள்வி: தேவை பெருகினால் காடு அழிந்துவிடாதா?

பதில்: எதை எடுக்கிறோம் என்பதைப் பொறுத்தது. தானாக உதிரும் கொட்டையை அளவோடு பொறுக்கினால் மரத்துக்குத் தீங்கில்லை. பட்டையையும் வேரையும் எடுத்தால் மரமே பட்டுப்போகலாம். காட்டை நம்பிய வட்டாரத்துக்கு இன்னோர் ஆபத்தும் உண்டு: தேவை பெருகும்போது பொருளே தோட்டப்பயிராக மாறிவிடும். 1876-இல் பிரேசிலிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட ரப்பர் விதைகளின் வழிவந்த ஆசியத் தோட்டங்கள், நாற்பது ஆண்டுகளுக்குள் அமேசான் காட்டு ரப்பரைச் சந்தையிலிருந்து ஓரங்கட்டிவிட்டன. பிரேசில் கொட்டை மட்டும் இன்றும் பெரும்பாலும் காட்டிலிருந்தே வருகிறது. அதன் பூக்களை மகரந்தச் சேர்க்கை செய்யும் பெரிய தேனீக்களுக்குக் காடு வேண்டியிருக்கிறது.