ஏழு வயதுக்கு இலக்கணம் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

என் மகளுக்கு ஏழு வயது. பெங்களூரில் ஆங்கிலவழிப் பள்ளியில் படிக்கிறாள், அங்கே தமிழ் கிடையாது. வீட்டில் தமிழ்தான் பேசுகிறோம். எழுத்துக்கூட்டி வாசிப்பாள். கொஞ்சம் இலக்கணமும் சொல்லிக்கொடுக்கலாம் என்று ஓர் இலக்கணப் புத்தகத்தை வைத்துக்கொண்டு முதலெழுத்து, சார்பெழுத்து என்று ஆரம்பித்தேன். மூன்றாம் நாளே நோட்டைத் தூக்கிப் போட்டுவிட்டாள். எங்கிருந்து தொடங்குவது? "மரம்கள்", "மாடுகள் வந்தது" என்று எழுதுகிறாள். உடனே திருத்த வேண்டுமா? பள்ளியில் நவுன், வெர்ப் எல்லாம் நடத்துகிறார்கள். இரண்டும் சேர்ந்தால் குழம்பிவிடுவாளோ?

– ஒரு வாசகி, பெங்களூரு

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் மகளுக்கு இலக்கணம் ஏற்கெனவே தெரியும். "அக்கா வந்தா", "நாய் வந்துச்சு" என்று யாரும் சொல்லித்தராமலே ஆள் வேறு, மற்றவை வேறு என்று திணை பிரித்துப் பேசுகிறாள். "பந்து எடு" என்பவள், ஆள் என்றால் மட்டும் "அம்மாவைக் கூப்பிடு" என்று ஐ சேர்த்துக்கொள்கிறாள். காதில் இருக்கும் இந்த அறிவைக் கண்ணுக்குக் காட்டுவதுதான் வீட்டில் நாம் செய்யக்கூடியது. ஒருமை, பன்மை, உயர்திணை போன்ற பெயர்களை, அவள் தடுமாறாமல் செய்துகாட்டிய பிறகு கொடுங்கள்.

நன்னூல் எழுத்ததிகாரத்தில் தொடங்கிச் சொல்லதிகாரத்துக்குப் போகிறது. நம் இலக்கணப் புத்தகங்களும் பெரும்பாலும் அதே வழி. மொழியில் நன்றாக ஊறியவர்களுக்கு ஏற்ற வரிசை அது. சார்பெழுத்து ஏழு வயதில் வேண்டவே வேண்டாம். எழுத்தில் இப்போதைக்குக் குறிலும் நெடிலும் போதும், அதுவும் காதால். படு–பாடு, விடு–வீடு, முடி–மூடி, கொடு–கோடு என்று நீங்கள் சொல்ல, முதல் எழுத்து குறிலானால் அவள் ஒருமுறை கைதட்டட்டும், நெடிலானால் இரண்டு முறை. குறில் 5, நெடில் 7 என்று எண்ணும்போது ஐ, ஔ இரண்டுக்கும் ஜோடி எங்கே என்று கேட்பாள். அவற்றுக்குக் குறில் இல்லை என்று நேராகச் சொல்லிவிடுங்கள்.

பெயர்ச்சொல், வினைச்சொல் பிரிக்கும்போது "செயலைக் குறிப்பது வினை" என்ற விளக்கத்தைக் கொடுக்காதீர்கள். விளையாட்டு, ஓட்டம், சிரிப்பு எல்லாம் செயல்தானே என்று குழந்தை நியாயமாகவே கேட்கும். விளக்கத்தைவிடச் சோதனை நல்லது. ஐ ஒட்டுமா? "விளையாட்டை நிறுத்து" – ஒட்டுகிறது, ஆகவே பெயர். நேற்று, நாளை என்று முன்னால் வைத்தால் சொல் மாறுகிறதா? நேற்று விளையாடினேன், நாளை விளையாடுவேன் – மாறுகிறது, ஆகவே வினை.

அடுத்தது வேற்றுமை, அதாவது ஐ, கு போன்ற உருபுகள் பெயரோடு ஒட்டி வாக்கியத்தில் அதன் வேலையை மாற்றுவது. இதைப் பெரிய வகுப்புக்குத் தள்ளிவைக்கிறார்கள், எனக்கு அதில் உடன்பாடில்லை. தமிழ் வாக்கியம் எப்படி நிற்கிறது என்பதை ஒரு குழந்தை கையாலேயே தொட்டுப் பார்க்கும் இடம் இது. பழைய பத்திரிகை அட்டையை வெட்டி மூன்று துண்டுகளில் பூனை, எலி, துரத்தியது என்று எழுதுங்கள். வேறு நிற மையில் "யை" என்று ஒரு சின்னச் சீட்டு. சீட்டை எலியின் பின்னால் வைத்து வாசிக்கச் சொல்லுங்கள்: பூனை எலியைத் துரத்தியது. இப்போது பூனை, எலி அட்டைகளை இடம் மாற்றுங்கள், சீட்டு எலியோடே போகட்டும்: எலியைப் பூனை துரத்தியது. யார் ஓடுகிறார்கள்? இப்போதும் எலிதான். பிறகு அட்டைகளைத் தொடாமல் சீட்டை மட்டும் எடுத்துப் பூனையிடம் வைக்கச் சொல்லுங்கள். கதையே தலைகீழாகிவிடும், எலி பூனையைத் துரத்தும். இதை அவளே நாலைந்து முறை மாற்றி மாற்றி வைத்துப் பார்க்கட்டும். உங்கள் விளக்கம் எதுவும் தேவைப்படாது.

இடையில் வரும் த், ப் ஒற்றுகளைத் தனிச் சீட்டாக எழுதி நீங்களே வைத்துவிடுங்கள். ஏன் என்று இப்போது சொல்ல வேண்டாம். ஒற்றில்லாமல் தவறாகப் பார்த்துப் பழகவும் கூடாது. சொற்களைத் தேர்ந்தெடுப்பதில்தான் பலரும் சறுக்குகிறார்கள். மரம், வீடு என்று ஆரம்பித்தால் மரத்தை, வீட்டை என்று சொல்லே உருமாறும், சீட்டு ஒட்டாது. இ, ஐ ஒலியில் முடியும் சொற்கள் நல்லவை: புலி, கிளி, யானை, தவளை. எல்லாவற்றுக்கும் ஒரே "யை" போதும். அடுத்த வாரம் "க்கு" சீட்டு. பாட்டி பேத்திக்குப் பூ கொடுத்தாள். பாட்டிக்குப் பேத்தி பூ கொடுத்தாள்.

"மரம்கள்" பற்றிக் கவலைப்படாதீர்கள். விதியைக் கண்டுபிடித்துவிட்டாள், கொஞ்சம் அதிகமாகப் பயன்படுத்துகிறாள், அவ்வளவுதான். சொற்களைக் குழுவாகக் கொடுத்தால் தானே சரியாகும். முதலில் அப்படியே கள் சேர்பவை: புலிகள், வீடுகள். அவை படிந்த பிறகு ம் மாறுபவை: மரங்கள், படங்கள், பழங்கள். பிறகு க் சேர்பவை: பூக்கள், பசுக்கள், ஈக்கள். பற்கள், கற்கள், முட்கள் கடைசி. ஒரே நாளில் நான்கையும் கலந்து கேட்டால் ஊகித்து எழுதத் தொடங்குவாள், அதை நீக்குவது கடினம்.

"மாடுகள் வந்தது" வேறு வகைப் பிழை. "மாடுங்கெல்லாம் வந்துச்சு" என்றுதான் நாம் எல்லாரும் பேசுகிறோம். "மாடுகள் வந்தன" என்பதில் வருவதுபோன்ற அஃறிணைப் பன்மைக்குரிய வினைமுற்று பேச்சில் இல்லை, அதனால் காது இங்கே கைகொடுக்காது. எழுத்துமொழியாகத் தனியே கற்றுத்தான் ஆகவேண்டும். வந்தது–வந்தன, பறந்தது–பறந்தன, விழுந்தது–விழுந்தன, நின்றது–நின்றன என்று கடைசி எழுத்து மட்டும் மாறுபவற்றில் தொடங்குங்கள்: து போய் ன வருகிறது. ஓடியது–ஓடின இரண்டாம் கட்டம். பறக்கிறது–பறக்கின்றன அதற்கும் பிறகு. எதிர்காலத்தைத் தொடவேண்டாம்; பறவை பறக்கும், பறவைகள் பறக்கும் என்று இரண்டும் ஒன்றாகவே இருப்பதால் அதுவரை கற்றது கலைந்துவிடும். ன பழகிய சூட்டில் "மாணவர்கள் வந்தன" என்றும் எழுதுவாள். அப்போது இரண்டு கிண்ணங்களை வைத்து, ஆட்கள் ஒன்றில், மற்றவை ஒன்றில் என்று சொல்லட்டைகளைப் பிரிக்கச் சொல்லுங்கள். உயர்திணை, அஃறிணை என்ற பெயர்களைச் சொல்ல அதுவே சரியான நேரம்.

திருத்துவதைப் பற்றி: பேசும்போது ஒருபோதும் வேண்டாம். "வந்துச்சு" தவறு என்று சொன்னால் வீட்டில் தமிழ் பேசவே தயங்குவாள். எழுத்திலும், அந்த வாரம் எடுத்துக்கொண்ட ஒன்றை மட்டும் பாருங்கள். பன்மை வாரத்தில் ல, ள பிழையைக் கண்டும் காணாமல் விடுங்கள். "வந்துச்சு" என்று எழுதியிருந்தால் அதைக் கோடு போட்டு அடிக்காமல், "கதைப் புத்தகத்துல இதை எப்படிப் போட்டிருப்பாங்க?" என்று கேளுங்கள். ஒரு நாளைக்குப் பத்து நிமிடம், வாரத்தில் நான்கு நாள் போதும்.

சந்தியை, அதாவது இரண்டு சொற்கள் சேரும் இடத்தில் எழுத்து மாறுவதை, எட்டு, ஒன்பது வயதில் எடுக்கலாம். அப்போதும் இரண்டே இடங்கள்: ஐ, கு உருபுகளுக்குப் பின் க, ச, த, ப வந்தால் ஒற்று மிகும். பாலைக் குடி, கடைக்குப் போ. சீட்டு விளையாட்டில் ஒற்றைப் பார்த்துப் பழகியவளுக்கு இது புதிதாகவே இருக்காது.

ஆங்கில இலக்கணத்தால் பெரிய குழப்பம் வராது. நவுன் என்றால் பெயர்ச்சொல், வெர்ப் என்றால் வினைச்சொல் என்று தயங்காமல் சொல்லலாம். கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு: ஆங்கிலத்தில் "ஐ" (I, நான்) என்று தொடங்கும் பழக்கத்தில் "நான் பசிக்கிறேன்" என்று சில குழந்தைகள் சொல்வார்கள். எனக்குப் பசிக்கிறது, எனக்குத் தெரியும், எனக்குப் பிடிக்கும், எனக்கு வலிக்கிறது என்று சேர்த்துச் சேர்த்துப் பேசினால் அது படிந்துவிடும். ஆங்கிலத்தில் பெயருக்கு முன்னால் நிற்கும் சின்னச் சொல் தமிழில் எங்கே போகிறது என்று அவளையே தேடச் சொல்லுங்கள். "இன் த பாக்ஸ்" என்பது பெட்டியில். "டு ஸ்கூல்" என்பது பள்ளிக்கு. "வித் அம்மா" என்பது அம்மாவோடு. அவளுடைய ஆங்கிலப் பாடப் புத்தகத்தில் ஒரு பக்கத்தைத் திறந்தால் இதுபோல் ஐந்தாறு கிடைக்கும். அவற்றை எழுதி, தமிழில் வால் பகுதிக்கு மட்டும் வண்ணம் தீட்டச் சொல்லுங்கள்.