வேலைக்காக எப்போதும் வெளியூரில் இருப்பவர் நல்ல அப்பாவாக இருக்க முடியுமா?

கேள்வி கேட்டவருக்கு மாதத்தில் பாதி நாள் வெளியூரில் இருக்கும்படி ஒரு வேலை வந்திருக்கிறதாம். வீட்டில் கைக்குழந்தை. ஒப்புக்கொள்ளலாமா வேண்டாமா என்று குழம்பிப் போய்க் கேட்டிருக்கிறார். போங்கள், போகாதீர்கள் என்று சொல்ல நான் யார்? ஆனால் அப்படி ஒரு அப்பாவுக்கு மகளாக வளர்ந்தவள். அவரைப் பற்றிச் சொல்கிறேன், உங்களுக்கு எது உதவுமோ எடுத்துக்கொள்ளுங்கள்.

அப்பா லாரி டிரைவர். எங்களுக்குச் சங்ககிரி. சங்ககிரி, திருச்செங்கோடு, நாமக்கல் பக்கமெல்லாம் எந்தத் தெருவுக்குப் போனாலும் லாரிச் சம்பந்தம் உள்ள வீடு இருக்கும். ஒருவர் ஓனர், ஒருவர் டிரைவர், ஒருவர் பாடி கட்டும் பட்டறையில், ஒருவர் டயர் கடையில். மானாவாரிக் காட்டை வைத்துக்கொண்டு மழையை நம்பிப் பிழைக்க முடியாது என்று வண்டிப் பக்கம் வந்தவர்கள் நிறைய. அப்பாவும் எழுபதுகளில் கிளீனராக ஏறியவர்தான். பிறகு லைசென்ஸ் எடுத்து, வடக்கே போகும் வண்டிகளுக்கு டிரைவர் ஆனார்.

வடநாட்டில் விரத நாட்களில் சாபுதானா கிச்சடி செய்கிறார்களே, அந்த ஜவ்வரிசிக்குச் சேலம் வட்டாரம் பேர்போனது. எங்கள் பக்கத்து சேகோ ஆலைகளில் மரவள்ளிக்கிழங்கிலிருந்து செய்து, 90 கிலோ மூட்டையாகக் கட்டி அனுப்புவார்கள். அதை பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் கொண்டுபோய் இறக்கிவிட்டு, திரும்பும்போது நாசிக் வெங்காயமோ நாக்பூர் ஆரஞ்சோ கல்கத்தாச் சணல் சாக்கோ, கிடைத்ததை ஏற்றிக்கொண்டு வருவார். கன்னியாகுமரியிலிருந்து வாரணாசி வரை 2,369 கிலோமீட்டர் ஓடிய பழைய என்.எச். 7 சேலம் வழியாகத்தான் போகும். இப்போது அதில் பெரும்பகுதி என்.எச். 44 ஆகிவிட்டது. அனந்தப்பூர், கர்நூல், அடிலாபாத், நாக்பூர், ஜபல்பூர், ரேவா என்று அந்த ரோட்டு ஊர்களை வரிசை தப்பாமல் சொல்லச் சொல்லி என்னையும் தம்பியையும் மடக்குவார். கிழக்கே கௌஹாத்தியில் சராய்காட் பாலத்தைத் தாண்டியிருக்கிறார். வடக்கே ஜவஹர் சுரங்கப்பாதை வழியாக ஸ்ரீநகர் வரை போயிருக்கிறார். பள்ளியில் இந்தியா மேப் வரையச் சொன்னால் எனக்கு அது எங்கள் அப்பா போகிற வழிதான்.

ஊரெல்லாம் சுற்றினாரே, எதைப் பார்த்தார் என்று கேட்டால் சிரிப்பார். அவர் பார்த்தது லோடு ஏற்றும் குடோன், எடை மேடை, செக்போஸ்ட், ரோட்டோரப் புளியமரம், பஞ்சர் கடை. வடக்கே போகப் போக மூன்று வேளையும் ரொட்டிதான். எங்கள் பக்கத்து டிரைவர்களுக்கு அது ஒத்துவராது. டூல் பாக்ஸில் ஸ்டவ், அரிசி, பருப்பு, புளி, மிளகாய்த்தூள் எல்லாம் இருக்கும். வண்டி நிழலில் சோறு பொங்கி, ஒரு தக்காளி ரசம். அவ்வளவுதான் அவருடைய சுற்றுலா.

சரி, கேள்விக்கு வருகிறேன். குடும்பத்தின் மேல் அவர் வைத்திருந்த பாசத்தை எதில் கண்டேன் என்றால், முதலில் தொப்பூரைச் சொல்வேன்.

தருமபுரியிலிருந்து சேலம் வரும் வழியில் தொப்பூர் கணவாய். நீளமான இறக்கம், வளைவுகள். இன்றைக்கும் அங்கே விபத்து என்று அடிக்கடி செய்தி வரும். டீசல் மிச்சம் பிடிக்க நினைத்துச் சிலர் நியூட்ரலில் போட்டு வண்டியை உருட்டி விடுவார்கள். கியர் இல்லாவிட்டால் எஞ்சின் வண்டியைப் பிடித்து நிறுத்தாது. மொத்த பாரமும் பிரேக் தலையில் விழும். டிரம் சூடேறி, ஒரு கட்டத்துக்கு மேல் மிதித்தாலும் பிடிக்காது. வடக்கேயிருந்து வருகிற எங்கள் ஊர் டிரைவருக்கு அதுதான் கடைசிக் கண்டம். இரண்டு மணி நேரத்தில் வீடு, பிள்ளைகள் முகம் பார்த்து வாரக்கணக்கு ஆகியிருக்கும், கண்ணில் தூக்கம், கால் தானாக அவசரப்படும். அப்பா அங்கே இறங்குவதற்கு முன்னால் வண்டியை நிறுத்திவிடுவார். டீ குடித்து, முகம் கழுவி, சக்கரத்தைச் சுற்றிவந்து டிரம்மைத் தொட்டுப் பார்த்துவிட்டு, இரண்டாவது கியரில் ஊர்ந்து இறங்குவார். பின்னால் வருகிறவன் ஹாரன் அடித்துத் திட்டினாலும் சரி. ஒருமுறை பள்ளி லீவில் தருமபுரிக்கு உறவு வீட்டுக்குப் போயிருந்த என்னை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார். "ஏனுங்கப்பா இவ்ளோ மெதுவா போறீங்க, வீடு வந்திருச்சுல்ல?" என்றேன். "அதனாலதான் அம்மிணி" என்றார். வேறு விளக்கம் எதுவும் சொல்லவில்லை.

அடுத்தது அவருடைய டைரி. டிரிப் கணக்கு எழுதும் சின்ன டைரி, அட்டையில் கிரீஸ் கறை. இடதுபக்கம் டீசல், பஞ்சர், கிளீனர் படி, செக்போஸ்ட் மாமூல். வலதுபக்கம் எங்கள் சமாச்சாரம். காலாண்டுப் பரீட்சை எந்தத் தேதியில் முடிகிறது, தம்பிக்கு இருமல் மருந்து எத்தனை நாளைக்கு, அம்மா சீட்டுப் பணம் கட்ட வேண்டிய நாள், எல்லாம் இருக்கும். உறைக்குள் இரண்டு சணல் நூல் துண்டுகள் கிடக்கும். எங்கள் பாத அளவுக்கு நறுக்கியவை. என்னுடையதில் முனையில் ஒரு முடிச்சு, தம்பியுடையதில் முடிச்சு இல்லை. ஆக்ராவில் செருப்பு, ஷூ மலிவு. கடைக்காரரிடம் நூலை நீட்டினால் போதும், நம்பர் சொல்ல வேண்டாம். ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் பழைய நூலை எறிந்துவிட்டு, எங்களைச் சுவரோரம் நிற்கவைத்துப் புதிதாக அளந்து எடுப்பார். பிள்ளைகள் கால் வளரும் என்று ஞாபகம் வைத்துக்கொள்ளும் ஆண்கள் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியவில்லை. உள்ளூரிலேயே இருக்கிறவர்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

வீட்டில் போன் கிடையாது. மளிகைக் கடை நம்பர்தான் எங்களுக்குப் பி.பி. நம்பர், அதாவது அங்கே கூப்பிட்டால் எங்களை அழைத்துப் பேசவைப்பார்கள். வெளியூருக்குப் பேசும் எஸ்.டி.டி. பூத்தில் ராத்திரி 11 மணிக்கு மேல் கால்பங்குக் கட்டணம்தான் என்பதால் அப்போதுதான் பேச நினைப்பார். ஆனால் கடைக்காரர் ஒன்பதுக்கே ஷட்டரை இழுத்துவிடுவார். அதனால் முழுக் கட்டணம் கொடுத்து முன்னிரவில் இரண்டு நிமிடம் பேசுவார். மீட்டர் ஓடுகிற பயத்தில் "நல்லா இருக்கியா, நல்லா படிக்கிறியா" என்றெல்லாம் இழுக்க மாட்டார். டைரியைப் பார்த்துக்கொண்டே கேட்பார் போல. "புதுக் கணக்கு டீச்சர் வந்துட்டாங்களா? தம்பிக்கு மருந்து முடிஞ்சுதா? அம்மாகிட்டக் குடு." அந்த இரண்டு நிமிடத்தில் அவருக்குத் தெரியாத விஷயம் வீட்டில் ஒன்றும் இருக்காது.

இதையெல்லாம் படித்துவிட்டுக் கண்கலங்க வேண்டாம். இல்லாதது இல்லாததுதான். எங்கள் அப்பத்தா செத்தபோது அப்பா சிலிகுரியில் இருந்தார். தகவல் போய்ச் சேரவே ஒருநாள் ஆனது. சித்தப்பாதான் கொள்ளி வைத்தார். அப்பா கருமாதிக்குத்தான் வந்து சேர்ந்தார். மூத்த மகன். திண்ணையில் உட்கார்ந்து யாரிடமும் பேசாமல் இருந்தார். அது அவர் சாகும்வரை ஆறவே இல்லை. தீபாவளிக்கும் பாதி வருடம் இருக்க மாட்டார். தீபாவளி நெருக்கத்தில்தான் நல்ல வாடகை கிடைக்கும். ஆயுத பூஜைக்கு மட்டும் எப்படியாவது வந்துவிடுவார். வண்டியைக் கழுவி, வாழைக்கன்று கட்டி, பொரி வைத்துக் கும்பிட வேண்டுமே. எங்களுக்காக வருகிறாரா லாரிக்காக வருகிறாரா என்று அம்மா கேட்பார். அது முழுக்கக் கிண்டல் இல்லை.

அம்மாவைச் சொல்லாமல் விட்டால் இந்தப் பதிலே பொய். வீட்டுக்குக் கடைக்கால் போட்டதிலிருந்து கான்கிரீட் போட்டது வரை கொத்தனாரோடு மல்லுக்கு நின்றது அம்மா. என்னைப் பள்ளியில் சேர்த்தது, தம்பி கையை முறித்துக்கொண்டபோது தூக்கிக்கொண்டு ஓடியது, சீட்டு, ரேஷன், சொந்தக்காரர் வீட்டு மொய் எல்லாம் அம்மாதான். அப்பாவிடம் எனக்குப் பிடித்தது இது: வெளியூரிலிருந்து வந்ததும் இன்ஸ்பெக்ஷனுக்கு வந்த அதிகாரி போல வீட்டைப் புரட்ட மாட்டார். எங்கள் தெருவிலேயே பார்த்திருக்கிறேன். மாதம் முழுக்க இல்லாத மனுஷன் வந்த அன்றைக்கே "யாரைக் கேட்டு இதைச் செஞ்சே?" என்று ஆரம்பிப்பார். அப்பா கணக்கு நோட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, "இதுக்கு இப்ப என்ன பண்ணலாம்னு இருக்கே புள்ள?" என்பார். அம்மா எடுத்த முடிவை அவர் மாற்றி நான் பார்த்ததில்லை. கல்லூரியில் நான் எந்தப் படிப்பில் சேருவது என்பதில் மட்டும் இரண்டு பேருக்கும் சண்டை. அதிலும் அம்மாதான் ஜெயித்தார்.

தாஜ்மகால் கதையைச் சொல்லியே ஆக வேண்டும். ஆக்ராவுக்கு அத்தனை முறை போனவர், தாஜ்மகாலுக்குள் போனதே இல்லை. வண்டியை விட்டு அவ்வளவு தூரம் போக முடியாது என்பார். லாரி அந்தப் பக்கமே போகாது, புகை பட்டுப் பளிங்கு கெடும் என்று வண்டிகளுக்குக் கட்டுப்பாடு உண்டு. ஓட்டுவதைக் குறைத்துக்கொண்ட பிறகு ஒரு வருடம் எல்லோரையும் சென்னையிலிருந்து ஜி.டி. எக்ஸ்பிரஸில் கூட்டிப்போனார். போய் இறங்கியது வெள்ளிக்கிழமை. தாஜ்மகாலுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை! எந்த மாநிலச் செக்போஸ்ட்டில் எந்த நேரம் கூட்டம் குறைவு என்று விரல்நுனியில் வைத்திருந்தவருக்கு இது தெரியவில்லை. அம்மா சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. ஆட்டோ பிடித்து யமுனைக்கு அக்கரையில் இருக்கும் மெஹ்தாப் பாக் தோட்டத்துக்குப் போய், அங்கிருந்து பார்த்தோம். மறுநாள் உள்ளேயும் போனோம். "ஏனுங்க, இத்தனை வருஷம் இந்தப் பக்கம் வந்துட்டு இதைப் பாக்காமயா இருந்தீங்க?" என்று அம்மா கேட்டார். "தனியா வந்து பாத்து யார்கிட்டச் சொல்றது?" என்றார். உடனே, வெயிலில் பளிங்குத் தரை கால் சுடுகிறது, சீக்கிரம் வா என்று இழுத்துக்கொண்டு போனார்.

2020 மார்ச் கடைசியில் ஊரடங்கு வந்தபோது அவர் வண்டி ஓட்டுவதை விட்டிருந்தார். ஆனால் ஏப்ரல் முழுக்க அவருடைய போன் ஓயவில்லை. மகாராஷ்டிரத்திலும் மத்தியப் பிரதேசத்திலும் தாபாக்கள் மூடிக்கிடக்க, வழியில் மாட்டிக்கொண்ட எங்கள் ஊர்ப் பையன்கள் கூப்பிடுவார்கள். எந்த பெட்ரோல் பங்கில் தண்ணீர் கிடைக்கும், எந்த ஊரில் நிறுத்தினால் பயமில்லை என்று சொல்லுவார். நாந்தேட் பக்கம் இருக்கிறவன் என்றால், "குருத்துவாராவுல போய்க் கேளு, லங்கர்ல சாப்பாடு போடுவாங்க, தலையில துண்டைக் கட்டிக்க" என்பார். பேசி முடித்ததும், "வீட்டுக்குப் போன் பண்ணினயா?" என்று கேட்காமல் வைக்க மாட்டார்.

2022இல் போய்ச் சேர்ந்தார். ரொம்ப வருடச் சர்க்கரை, கடைசியில் கிட்னி. பல வருடம் நேரத்துக்குச் சாப்பிடாமல், தூங்காமல் ஓட்டியதன் பாக்கி என்று நான் நினைக்கிறேன்.

கேள்வி கேட்டவருக்கு ஒன்றைச் சொல்ல வேண்டும். உங்கள் வேலையில் திரும்பி வரும் தேதி முன்கூட்டியே தெரியுமா என்று விசாரியுங்கள். எங்களுக்கு அதுதான் பெரிய கஷ்டம். அப்பா போகிற நாள் தெரியும், வருகிற நாள் தெரியாது. ரிட்டர்ன் லோடு கிடைக்கும்வரை கல்கத்தாவில் புக்கிங் ஆபீஸ் வாசலில் கிடப்பார். வாடகை இல்லாமல் காலி வண்டியை ஓட்டி வந்தால் டீசல் காசுகூடத் தேறாது. இங்கே வாசலில் லாரி சத்தம் கேட்கும்போதெல்லாம் தம்பி எழுந்து ஓடுவான். தேதி தெரிந்த வேலை என்றால் குழந்தைக்குக் காலண்டரில் காட்டிச் சொல்லலாம்.

இன்னொன்று, மனைவி என்ன சொல்கிறார் என்று உங்கள் கேள்வியில் எங்கேயும் காணோம். முதலில் அவரைக் கேளுங்கள்.