ஜெர்மனி ஆலையில் புது போர்ஷேயை வாங்கி ஓட்டிவிட்டு ராயபுரத்துக்குக் கொண்டுவர முடியுமா?

ஆலையில் வண்டியைப் பார்க்கலாம். அங்கே ரோட்டில் ஓட்டிவிட்டு அதைப் புது வண்டியாக இறக்குமதி செய்வதுதான் நடக்காது.

போர்ஷேயின் 911 மாடல் தயாராகும் ஸ்டுட்கார்ட்டின் சுஃபன்ஹவுசன் ஆலையிலேயே சாவி வாங்கும் வசதி இருக்கிறது. எதிரிலேயே அருங்காட்சியகம், அதைக் கட்டாயம் பாருங்கள். ஆனால் ஆலை வாசலைத் தாண்டி ஓட்ட அந்த ஊர்ப் பதிவு வேண்டும். ஏற்றுமதிக்கென ஓரத்தில் சிவப்புப் பட்டையோடு தரும் தற்காலிக நம்பர் பிளேட்டும் பதிவுதான். எந்த நாட்டிலாவது பதிவான வண்டி நம் இறக்குமதி விதிப்படி பழைய வண்டி. புது வண்டி என்றால் சென்னை, எண்ணூர் துறைமுகங்களிலேயே இறக்கலாம். நமக்கு வீட்டு வாசல் மாதிரி. பழையது மும்பைத் துறைமுகம் வழியாக மட்டும்தான் வரலாம். ஸ்டீயரிங் வேறு வலப்பக்கம் இருக்க வேண்டும்.

அதனால் இந்திய டீலரிடமே புக் செய்யுங்கள், ஆலையைச் சுற்றிப் பார்க்கத் தனியாகப் போய்வாருங்கள். அப்புறம், மேடுபள்ளத்தில் அடி தட்டாமல் காரின் முன்பக்கத்தை உயர்த்தும் லிஃப்ட் வசதியை விட்டுவிடாதீர்கள். கன்டெய்னர் லாரி ஓடும் எண்ணூர் நெடுஞ்சாலைக்கு அது அவசியம்.