சர்க்கரை நோயும் மதுவும்: வாசகர் கேள்விகள்

கேள்வி: விஸ்கியில்தான் சர்க்கரையே கிடையாதே, அளவாகக் குடித்தால் என்ன?

பதில்: சர்க்கரை கிடையாது, உண்மைதான். ஆனால் பயப்பட வேண்டியது சர்க்கரை ஏறுவதற்கு அல்ல, இறங்குவதற்கு. நாம் தூங்கும்போது கல்லீரல்தான் குளுக்கோஸைத் தயாரித்து இரத்தத்தில் விடுகிறது. மது உள்ளே போனதும் அதைக் கழித்துக்கட்டவே கல்லீரலுக்கு நேரம் சரியாகிவிடும். குளுக்கோஸ் தயாரிப்பு மந்தமாகிவிடும். இன்சுலினோ கிளிமிபிரைடு வகை மாத்திரையோ எடுப்பவருக்கு, மருந்து பாட்டுக்குச் சர்க்கரையை இறக்கிக்கொண்டே இருக்கும். இரவு 9 மணிக்குக் குடித்ததன் விளைவு விடியற்காலை 3 மணிக்குத் தெரியலாம். இந்த ஆபத்து 24 மணி நேரம் வரைகூட நீடிக்கும். வெறும் வயிற்றில் குடித்தால் இன்னும் மோசம்.

கேள்வி: குடித்துவிட்டுப் படுக்கும் முன் சர்க்கரை பார்த்தேன், 150 இருந்தது. நிம்மதியாகத் தூங்கலாமா?

பதில்: அந்த 150 அப்போது சாப்பிட்ட சாப்பாட்டின் கணக்கு, நள்ளிரவுக்கு உத்தரவாதம் இல்லை. நடுவில் ஒருமுறை எழுந்து பாருங்கள். வீட்டில் இருப்பவர்களிடமும் சொல்லி வையுங்கள். சர்க்கரை இறங்கினாலும் நாக்கு குழறும், நடை தள்ளாடும். ‘போதை, தூங்கட்டும்’ என்று விட்டுவிடுவதுதான் உயிருக்கே வினையாகிறது. குளுக்கோமீட்டரில் 70-க்குக் கீழே காட்டினால் 15 கிராம் சர்க்கரையைக் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதுவும் ஊற்றாமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். இறங்கிய சர்க்கரையை ஏற்றப் போடும் குளுக்ககான் ஊசி கல்லீரலின் சேமிப்பை நம்பித்தான் வேலை செய்கிறது, அதனால் குடித்தவருக்கு அது சரியாகக் கைகொடுக்காமல் போகலாம்.

கேள்வி: ரெட் ஒயின் இதயத்துக்கு நல்லது என்கிறார்களே?

பதில்: இஸ்ரேலில் இரண்டாம் வகை நீரிழிவுக்காரர்கள் 224 பேரிடம் 2 ஆண்டுகள் நடந்த ஆய்வு 2015-இல் வெளியானது. தினமும் இரவுச் சாப்பாட்டோடு 150 மில்லி ரெட் ஒயின் குடித்தவர்களுக்கு நல்ல கொழுப்பு கொஞ்சம் கூடியது. அவ்வளவுதான், மாரடைப்பு குறைந்தது என்று அது காட்டவில்லை. குடி இதயத்துக்கு நல்லது என்ற பழைய ஆய்வுகளில் ‘குடிக்காதவர்’ கூட்டத்தில், உடம்பு கெட்டுப்போய்க் குடியை நிறுத்தியவர்களும் கலந்திருந்தார்கள். அவர்களோடு ஒப்பிட்டால் குடிப்பவர் ஆரோக்கியமாகத்தானே தெரிவார்? பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை என உலக சுகாதார நிறுவனம் 2023-இல் சொல்லிவிட்டது. இதயத்துக்காக ஒயின் தொடங்கச் சொல்லி நான் யாருக்கும் எழுதித் தர மாட்டேன்.

கேள்வி: ஏற்கெனவே குடிப்பவருக்கு எது அளவு?

பதில்: நாளுக்குப் பெண்ணுக்கு ஒன்று, ஆணுக்கு இரண்டு என்பது அமெரிக்க நீரிழிவுச் சங்கத்தின் உச்ச வரம்பு. ஒன்று என்றால் விஸ்கி 45 மில்லி, ஒயின் 150 மில்லி, பீர் சுமார் 350 மில்லி. வாரம் முழுக்க மிச்சம் பிடித்துச் சனிக்கிழமை மொத்தமாகக் குடிக்கும் கணக்கெல்லாம் செல்லாது.

கேள்வி: மெட்ஃபார்மின் மட்டும்தான் எடுக்கிறேன். பயமில்லையே?

பதில்: தாழ் சர்க்கரை பயம் குறைவு. ஆனால் அதிகமாகக் குடித்தால் இரத்தத்தில் லாக்டிக் அமிலம் சேரும் ஆபத்து இருக்கிறது. சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றும் டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் மாத்திரை எடுப்பவருக்கோ, கொழுப்பு எரிவதால் உண்டாகும் கீட்டோ அமிலம் சேரலாம், அதுவும் சர்க்கரை பெரிதாக ஏறாமலே.

கேள்வி: பாத எரிச்சல் இருக்கிறது, டிரைகிளிசரைடு என்ற இரத்தக் கொழுப்பும் அதிகம். குடிக்கலாமா?

பதில்: அப்படியானால் வேண்டவே வேண்டாம். மது இரண்டையுமே கூட்டும்.