மாடிக்கு ஓடிப்போகும் சூடு

கேள்வி: எங்களுடையது மரத்தளம் போட்ட மாடி வீடு. குளிர்காலத்தில் கீழே ஹாலில் ஹீட்டர் நாள் முழுக்க ஓடினாலும் கால் சில்லிடுகிறது. மாடி அறையோ ஹீட்டரே போடாமல் இதமாக இருக்கிறது. இரண்டு தளத்துக்கும் நடுவில் இன்சுலேஷன் அடைத்தால் சூடு ஹாலிலேயே தங்குமா?

பதில்: கொஞ்சம் தங்கும். ஆனால் குளிருக்குக் காரணம் தலைக்கு மேலேதான் என்று முடிவு கட்டிவிட்டீர்களே, எனக்கு அதில்தான் சந்தேகம். ஹாலில் 20 டிகிரி, மாடியில் 17, வெளியே 2 என்று வைத்துக்கொள்வோம். இரண்டு பக்கத்துக்கும் வெப்ப வித்தியாசம் எவ்வளவோ அந்த அளவுக்குத்தான் சூடு ஓடும். சீலிங்குக்கு 3 டிகிரி வித்தியாசம், வெளிச்சுவருக்கு 18. ஒரே பொருள், ஒரே கனம் என்றால் சுவரின் ஒவ்வொரு சதுர அடியும் சீலிங்கைவிட ஆறு மடங்கு சூட்டைத் தொலைக்கிறது. ஒற்றைக் கண்ணாடி ஜன்னல் என்றால் கேட்கவே வேண்டாம். தவிர, மாடிக்குப் போன சூடு வீட்டுக்குள்தானே இருக்கிறது, அதனால்தானே அங்கே ஹீட்டர் செலவு மிச்சம்!

படிக்கட்டுக்குக் கதவு இருக்கிறதா? நீங்கள் அதைச் சொல்லவில்லை, எனக்கு முதலில் தோன்றியது அதுதான். சூடான காற்று லேசானது, புகைபோக்கியில் ஏறுவது போலப் படிக்கட்டு வழியாக ஏறிப் போய்விடும், அது விட்டுப்போன இடத்தை நிரப்ப ஜன்னல் இடுக்கு, வாசல் கதவின் அடி, தரைப் பலகைச் சந்து என்று வழி கிடைக்கும் இடத்திலெல்லாம் குளிர்காற்று உள்ளே வரும். கால் சில்லிடுவது பெரும்பாலும் இதனால்தான். காற்றடிக்கும் நாளில் ஊதுபத்தி கொளுத்தி அங்கெல்லாம் பிடித்துப் பாருங்கள், புகை எங்கே சாய்கிறதோ அங்கே ஓட்டை. அதை அடைத்து, படிக்கட்டுக்கு ஒரு கதவோ கனமான திரையோ போட்டு ஒரு வாரம் பொறுங்கள். ஹீட்டர் எரிவாயுவிலோ விறகிலோ எரிகிறது என்றால் அதற்கென்று விட்ட காற்றுத் துளையை மட்டும் தொடாதீர்கள், கார்பன் மோனாக்சைடு வாசனையே காட்டாமல் ஆளைக் கொல்லும்.

சரி, மாடியில் யாரும் புழங்குவதில்லை, அது எவ்வளவு குளிர்ந்தாலும் பரவாயில்லை என்றால் நடுவில் இன்சுலேஷன் அடைக்கலாம். உத்தரங்களுக்கு நடுவே ராக் வுல் (பாறையை உருக்கிச் செய்யும் பஞ்சு) நல்லது, தீப்பிடிக்காது, மேலே பேசும் சத்தமும் குறையும் (காலடிச் சத்தத்துக்கு மேலே கம்பளம்தான் கைகொடுக்கும்). ஆசையாக இரண்டு பங்கு அமுக்கித் திணிக்க வேண்டாம். சூட்டைத் தடுப்பது அந்தப் பஞ்சு இல்லை, அதற்குள் மாட்டிக்கொண்டு நகராமல் நிற்கிற காற்று. சீலிங்கில் பதித்த விளக்குகளைப் பஞ்சால் மூடினால் அவை சூடேறும், வயர் புதைந்தால் அது தாங்கக்கூடிய கரண்டும் குறையும், ஆகவே எலக்ட்ரீஷியன் பார்த்த பிறகே சீலிங்கை மூடுங்கள். அப்புறம், மாடி அறை இப்போது இருப்பதைவிடக் குளிரும் என்பதால் அங்கே ஈரத்துணி காயப்போடும் வழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள், சுவரில் பூஞ்சை பூக்கும்.

கேள்வி: எங்கள் ஹால் மாடியில் இருக்கிறது, அடியில் கார் ஷெட். எங்களுக்கும் இதே பதில்தானா?

பதில்: இல்லை, நீங்கள் தாராளமாகச் செய்யலாம். உங்கள் காலுக்கு அடியில் இருப்பது கிட்டத்தட்ட வெளிக்காற்று. மரத்தளம் என்றால் பஞ்சு தரைப் பலகையின் அடியை ஒட்டி இருக்க வேண்டும், நடுவே இடைவெளி விட்டால் குளிர்காற்று அதில் புகுந்து ஓடும், செலவு செய்ததற்குப் பலன் இருக்காது. தண்ணீர்க் குழாய் அங்கே போகிறதென்றால் அது பஞ்சுக்கு மேலே, ஹால் பக்கம் இருக்கட்டும். கீழ்ப்பக்கம் விட்டால் கடுங்குளிரில் உறைந்து வெடிக்கும். கடைசியாக ஷெட்டின் சீலிங்கைத் தீ தாங்கும் ஜிப்சம் பலகையால் மூடி, சந்துகளைப் பூசிவிடுங்கள், காரின் புகை ஹாலுக்கு ஏறாமல் இருக்கும்.